சடைக்கு ஒரு எண்ணிக்கை

"மறுபடியும் ஒண்ண முழுங்கிட்டே" என்று ரெக்கார்டிங் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கணக்கின் குரல் ஹெட்போனில் வந்தது.

பதினாறாவது தடவை. அதே பாட்டு, அதே பன்னிரண்டாவது சுற்று. சுற்றுக்கு ஏழு எண்ணிக்கை. பதினொன்று வரை சரியாக வருகிறது. பன்னிரண்டில் நான் ஓர் எண்ணிக்கை முன்னால் போய் நிற்கிறேன்.

கணக்கு எங்கள் ப்ராக்ரசிவ் மெட்டல் இசைக்குழுவின் கிடாரிஸ்ட். எதையும் எண்ணாமல் விடமாட்டார், அதனால் அந்தப் பெயர். எங்கள் அடுத்த ஆல்பத்துக்காக ரசிகர்கள் ஒன்பது வருடமாகக் காத்திருக்கிறார்கள். அதில் கடைசி மூன்று வருடத்தைத் தின்றது டிரம்ஸ் வாசிக்கும் என் இடது மணிக்கட்டு. அறுவை சிகிச்சை, கட்டு, பயிற்சி. சாயங்காலத்துக்குள் இந்தப் பாட்டை நான் வாசிக்காவிட்டால் டிரம்ஸைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வதாக முடிவு. அட்டையில் மட்டும் என் பெயர் இருக்குமாம். அந்தப் பிச்சை யாருக்கு வேண்டும்?

எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி நான். அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போட்டுப் படிக்கவைத்தாள். "டிகிரி முடிச்சவ தட்டுமுட்டுச் சாமானத் தட்டிக்கிட்டு இருக்கா" என்பாள். அவள் சொன்னால் கோபம் வரும். வேறு யாராவது சொன்னால் குச்சி பறக்கும்.

"கை வலிக்குதாம்மா?" என்று கேட்டார் சடை. எங்கள் பாடகர். இடுப்புவரை முடி இருந்த காலத்துப் பெயர். இப்போது தலை பளிங்குமாதிரி, பெயர் மட்டும் மிச்சம்.

"கை வலிக்கலண்ணே. இந்தக் கேள்வியக் கேட்டுக் கேட்டுக் காதுதான் வலிக்குது. உள்ள வந்து பாடுங்க. கிளிக் வேணாம்."

கிளிக் என்பது காதுக்குள் டிக் டிக்கென்று எண்ணிக்கை சொல்லும் ஒலி. அதைக் கழற்றி வைத்தேன். சடை மைக் முன்னால் வந்து நின்றார். தொடங்கினோம். பன்னிரண்டாவது சுற்று முடிந்து நான் அடுத்த அடியை அடித்தபோது அவர் பாடவில்லை. தலையை இடமிருந்து வலமாக ஒரு வீசு வீசிவிட்டு, பிறகுதான் வாயைத் திறந்தார்.

குச்சிகளை நிறுத்தினேன்.

"அண்ணே, இப்ப எதுக்குத் தலைய வீசினீங்க?"

"நானா? வீசினேனா?"

"வீசினீங்க. எந்த முடிய?"

அவர் கை தானாக மண்டையைத் தடவியது. நான் கண்ணாடியைப் பார்த்துக் கத்தினேன். "கிளிக்க எத வச்சுப் போட்டீங்க?"

"கடைசிக் கச்சேரி ரெக்கார்டிங்க வச்சு" என்றார் கணக்கு.

"அப்ப இவருக்கு முடி இருந்துச்சு."

மேடையில் அந்த இடத்தில் அவர் முகத்தில் விழும் முடியைத் தூக்கி எறிவார். அது முதுகில் போய் விழும்வரை நாங்கள் எல்லோரும் ஓர் எண்ணிக்கை நிற்போம். வருடக்கணக்கில் நின்று அதுவே பாட்டாகிவிட்டது. நானும் நின்றவள்தான். ஆனால் மூன்று வருடம், சுற்றுக்கு ஏழு என்று எழுதிய தாளைப் பார்த்துத் தலையணையில் அடித்துப் பழகியபோது எதிரில் முடி எதுவும் பறக்கவில்லை.

கணக்கு தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "கிளிக்குல பன்னெண்டாவதுக்கு எட்டு போட்டிருக்கேன்."

"பேரு மட்டும் கணக்கு."

"திட்டும்மா. நல்லாத் திட்டு."

"அப்புறம் திட்டுறேன். முதல்ல அந்த எட்ட ஏழாக்குங்க."

திருத்தினார். அடுத்த தடவையிலேயே முடிந்தது. கடைசி சிம்பலின் ஓசை அடங்கும்வரை ஒருவரும் அசையவில்லை. பிறகு சடை மொட்டைத் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். மூன்று வருடமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே போனது.

அம்மாவுக்கு போன் போட்டேன்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதும்மா."

"கை?"

"நல்லாருக்கு. காலையிலேர்ந்தே நல்லாத்தான் இருந்திருக்கு."

எதிர்முனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அப்ப வர்றப்ப, அந்தக் கையாலயே ஒரு தண்ணி கேன் தூக்கிட்டு வா."