வெளியே இருக்கச் சொன்ன கூட்டம்

இப்போதெல்லாம் ஒரு மனிதனை அவமானப்படுத்தக் கையை ஓங்க வேண்டியதில்லை. சிரித்த முகமாக ஐயா என்று கூப்பிட்டு, சட்டம் என்று ஒரு வார்த்தையைச் சொன்னால் போதும். கேட்டால், மரியாதையாகத்தானே பேசினோம் என்பார்கள்.

சின்னமனூர்ப் பக்கத்து வாழை விவசாயிகள் சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தபோது என்னையும் ஒரு டைரக்டராகப் போட்டார்கள். மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். பெரிய மனுசன், கூட்டத்தில் நாற்காலி உண்டு, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம் என்று இருந்தேன். அன்றைக்கு என் மகன் மதன்குமார் வாழைத்தார் கெடாமல் வைக்கக் கட்டிய குளிர் அறையைக் கம்பெனி வாடகைக்கு எடுப்பதா வேண்டாமா என்று பேசக் கூடியிருந்தோம். கட்டிய நாளிலிருந்து பூட்டிக் கிடக்கிற அறை. இதுவும் கைவிட்டுப் போனால் திருப்பூருக்குப் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு ஒரே மகன்.

தேனியிலிருந்து வரும் கம்பெனி செக்ரட்டரி ஷெரின் எழுந்து நின்றது.

“ஐயா, இது உங்க மகன் விசயம். பேசி ஓட்டுப் போட்டு முடியிற வரைக்கும் நீங்க வெளிய இருக்கணும்.”

“என் மகன்னு இங்கன யாருக்கும்மா தெரியாது? மறைச்சா வச்சிருக்கேன்?”

“தெரிஞ்சாலும்தான் ஐயா. தனக்கு ஆதாயம் உள்ள பேச்சுல டைரக்டர் உக்காரக் கூடாது. அது உங்க கடமைன்னு சட்டத்துல இருக்கு.”

எங்கள் தெருக் கூட்டத்தில் ஒருவனை வெளியே நிறுத்திவிட்டுப் பேசினால் அவன் களவாண்டவன், இல்லையென்றால் அடுத்தவன் பெண்டாட்டியைத் தொட்டவன். உள்ளே முடிவாகிற வரைக்கும் செருப்பில்லாமல் வெயிலில் நிற்பான். நான் பார்த்திருக்கிறேன். நிறுத்தியும் இருக்கிறேன்.

பொன்னுராஜ் எழுந்து வந்தான். என் மனைவியின் தம்பி, அவனும் டைரக்டர். “ஒரு டீயக் குடிச்சிட்டு வாங்க மச்சான். அதுக்குள்ள முடிஞ்சிரும்,” என்று என் கையைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினான்.

“டீயக் கம்பெனி கணக்குல எழுதிக்கிறோம் பெரியப்பா,” என்றான் இன்னொரு டைரக்டர் சுரேஷ்கண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கும் சேர்த்துப் பொன்னுராஜை வாயோடு அறைந்தேன். பல்லில் பட்டு என் விரல் கிழிந்தது. அவன் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான். பின்மண்டையில் ஈரம் இறங்கியது. நாற்காலியைத் தூக்கி அவன் தோளில் அடித்தேன், அதன் கால் முறிந்து தெறித்தது. என்னைக் கீழே தள்ளி நெஞ்சில் முழங்காலை ஊன்றினான். எனக்கு மூச்சு வரவில்லை.

வராந்தாவில் மாதிரிக்குக் கொண்டுவந்த தாரில் சீப்பு வெட்டிக்கொண்டிருந்த மதன் கத்தியோடு ஓடிவந்தான்.

“ஏலே, ஒன் மாமன்டா,” என்று சுரேஷ்கண்ணன் குறுக்கே விழுவதற்குள் கத்தி இறங்கிவிட்டது. பொன்னுராஜ் வலது கையால் தடுத்தான். உள்ளங்கை இரண்டாகத் திறந்து எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அப்புறம்தான் ரத்தம் வந்தது.

ஷெரின் தன் துப்பட்டாவைச் சுற்றி இறுக்கிக் கட்டியது. மதன் கத்தியைப் போட்டுவிட்டு மூலையில் வாந்தி எடுத்தான்.

பொன்னுராஜ் தரையில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தான். “ஒங்களுக்குத்தான் கை தூக்க வந்தேன் மச்சான். பாதிப் பேருக்கு மேல பேசி வச்சிட்டேன். நீங்க உள்ள இருந்து முடிவானா நாளைக்கு எவனாவது செல்லாதும்பான். அதான் போகச் சொன்னேன்.”

சுரேஷ்கண்ணன் காரை எடுத்தான். ரத்தம் நிற்கக் கையை உயர்த்திப் பிடிக்கச் சொன்னது ஷெரின். மதன் பின்சீட்டில் ஏறி மாமன் கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

“ஆஸ்பத்திரியில போலீசுக்குச் சொல்லிருவாக ஐயா. நீங்களும் வாங்க,” என்றது ஷெரின்.

ஏறவில்லை. கம்பம் ரோட்டில் நடந்தேன். ஆதரவாகக் கை தூக்க வந்தவன் எதற்கு என் கையைப் பிடித்து வாசலுக்குத் திருப்ப வேண்டும்? இருந்த இடத்தில் இருக்க விட்டிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும்? சட்டமாம்.

கார் என்னைக் கடந்து போனது. பின்கண்ணாடியில் அந்தக் கை, நனைந்த துப்பட்டாவோடு, தூக்கியபடியே தெரிந்தது.