படுக்க இடமில்லாத வண்டி

தலைவர் டயரை உதைத்துப் பார்த்தார். வண்டி வாங்க வருகிற எல்லோரும் இப்படி ஒரு உதை விடுகிறார்கள். அதில் என்ன தெரிந்துகொண்டார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மலைமேல் உள்ள குடியிருப்பின் சுகாதார நிலையக் குழுவுக்கு அவர் தலைவர். இருநூறு வீடுகளுக்கு ஒரே ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரியோ ஏழு கிலோமீட்டர் கீழே, வழியெல்லாம் கல்லும் சேறும். இதுவரை நான்கு ஆட்கள் நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இனி அதற்கு ஒரு ஏடிவி, அதாவது மேடு பள்ளம் பார்க்காமல் ஏறி இறங்குகிற நாலு சக்கர வண்டி, வாங்கலாம் என்று குழு முடிவு செய்திருந்தது.

"பாதை எப்படி சார்? எவ்வளவு பாரம் ஏத்துவீங்க? யாரு போகப் போறாங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

கூட வந்திருந்த நர்ஸம்மா முந்திக்கொண்டார். "அடிபட்டவங்க, வலி எடுத்த கர்ப்பிணிங்க. நீட்டிப் படுக்கணும், ரொம்பக் குலுங்கக் கூடாது."

கடைக்காரர் யோசிக்கவே இல்லை. மூலையில் நின்ற சாம்பல் நிற வண்டியைக் காட்டினார். முன்னால் இரண்டு இருக்கை, பின்னால் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்குத் தட்டு. அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. "வேகம் கம்மிதான். ஆனா இறக்கத்துல பதமா இறங்கும். விலையும் குறைச்சல். உங்களுக்கு இதுதான் சார் சரி."

அங்கேதான் தலைவருக்குச் சந்தேகம் தட்டியது. கடைக்காரன் தானாக விலை குறைந்ததைக் காட்டினால் அது விற்காமல் கிடக்கிற சரக்கு என்பது அவருடைய உலக ஞானம். "யாருக்குக் காது குத்துற? போணியாகாதத என் தலையில கட்டலாம்னு பாக்குறியா?" என்றவரின் கண், வாசலில் பளபளத்த சிவப்பு வண்டிமேல் போய் நின்றது.

"அது பந்தயத்துக்குங்க. ஒருத்தர் ஓட்டலாம், பின்னாடி நெருக்கி இன்னொருத்தர் உட்காரலாம், அவ்வளவுதான்."

"உயிர் போற அவசரத்துக்கு வேகம் வேணாமா?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அபத்தங்களுக்கு அந்த வசதி உண்டு.

"ஐயா, படுக்க இடம்..." என்று நர்ஸம்மா இழுத்தார்.

"ஊசி போடுறது உங்க வேலை. அத மட்டும் பாருங்க."

ரிப்பன் வெட்டினார்கள். கறுப்புக் கண்ணாடியோடு சிவப்பு வண்டிமேல் தலைவர் உட்கார்ந்த படம் அலுவலகச் சுவரில் ஏறியது. மறுநாளே தூக்கிச் செல்லும் நால்வரும் வேண்டாம் என்று நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் கீழே கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள்.

பிறகு நோயாளிகள் இறங்கினார்கள். முதுகெலும்பு முறிந்த மரவெட்டியை ஓட்டுநரின் முதுகோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார்கள். அவன் இனி நடக்கமாட்டான். ஒரு கர்ப்பிணிக்குப் பாதி வழியில், பாறைமேல் பிரசவம் ஆனது. குழந்தை அழவே இல்லை. குழுக் கூட்டத்தில் தலைவர் எழுந்து, "விதிய வண்டி என்ன செய்யும்?" என்றார். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

ஒரு காலையில் குளியலறையில் சோப்பு வழுக்கியது. சோப்புக்குத் தலைவர் என்றும் தெரியாது, தொண்டர் என்றும் தெரியாது. அவருடைய தொடை எலும்பு இரண்டாக முறிந்தது.

நர்ஸம்மா பலகை வைத்துக் காலைக் கட்டினார். ஸ்ட்ரெச்சர் இருந்தது, தூக்க ஆளில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் அவரை உட்காரவைத்து, சாயாமல் இருக்கக் கட்டினார்கள். கட்டிய கால் வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. முதல் கல்லிலேயே அவர் அலறினார்.

"மெதுவாப் போடா! டேய், மெதுவா!"

"மெதுவாப் போனா நின்னுடுதுய்யா. வேகமாப் போனா தூக்கித்தான் போடும்."

"என்னப் படுக்க வைடா, பாவி!"

"எங்கய்யா படுக்க வைக்கிறது?" என்று ஓட்டுநர் கேட்டான். அவன் கிண்டல் செய்யவில்லை. அவனுக்கும் அழுகை வந்துவிட்டது.

"எலும்பு முறிஞ்சது பெரிய விஷயமில்ல. வர்ற வழியில குலுங்கிக் குலுங்கி அது ரத்தக்குழாய அறுத்துடுச்சு. படுக்கவச்சு மெதுவாக் கொண்டுவந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்," என்றார் டாக்டர். தொடைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். நம் தலைவருக்கு அது தெரிய ஒரு கால் செலவானது.

மூன்றாம் நாள் பார்க்க வந்த நர்ஸம்மாவிடம் அவர் மெல்லக் கேட்டார். "எல்லாரும் இப்படித்தான் வந்தாங்களா?"

"பதினோரு பேருங்க."

"ஏன்மா எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல?"

"சொன்னாங்களேய்யா. மரவெட்டி சம்சாரம் உங்க வாசல்ல உக்காந்து அழுதா. நீங்க உள்ள சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்க."

தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அந்தச் சாம்பல் வண்டிய வாங்கிடுங்க. அந்த நாலு பேரையும் திரும்பக் கூப்பிடுங்க. ஒரு பொருள வாங்குறப்ப, அதுல படுக்கப் போறவனக் கேட்டு வாங்கணும்மா. நான் போட்டோவுக்கு வாங்கிட்டேன். ஊர் வலிய என் பெருமைக்கு வித்துட்டேன்."

அவர் ஒரு ஆறுதல் வார்த்தைக்காகக் காத்திருந்தார். நர்ஸம்மாவிடம் அது இல்லை.

"அந்தக் குழந்தை பொறக்குறதுக்கு முன்னாடி கேட்டிருக்கலாமேய்யா," என்றார்.