விரிசல் மேல் ஒட்டிய காகிதம்

போஸ்டரின் நடுவில் உள்ளங்கை அளவு இடம் மட்டும் நிரம்பாமல் கிடந்தது. மற்றதெல்லாம் குப்பை. நசுங்கிய பாட்டில் மூடிகள், காலியான மாத்திரை அட்டைகள், துருப்பிடித்த கம்பி, உடைந்த ஸ்விட்ச், மழையில் ஊறிக் காய்ந்த செருப்பு வார், சுவரிலிருந்து உதிர்ந்த காரைச் சில்லுகள். எல்லாமே அவள் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தைச் சுற்றி நூறடிக்குள் பொறுக்கியவை. அவற்றின் மேல் கரித்தூளைக் கோந்தில் குழைத்துப் பூசி, இடையிடையே தூரிகையால் ஜன்னல்கள் வரைந்திருந்தாள். தள்ளி நின்றால் ஒரு நகரம், கிட்டப் போனால் குப்பைத்தொட்டி. அவளுக்கு அப்படித்தான் வேண்டியிருந்தது.

பதினோரு வருடமாக அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குப் பூவும் கொடியும் வரைகிறவள் அவள். எந்தப் பூவிலும் அவள் பேர் இருந்ததில்லை. நகரக் குப்பை பற்றிய கண்காட்சிக்குப் போகும் இந்தப் போஸ்டரில்தான் முதல்முறையாகப் பேர் போடப்போகிறாள். கணவன் ஹாலில் கால் வைக்க இடமில்லாமல் தாண்டித் தாண்டிப் போனான்.

"குப்பை உயரும், கோபுரம் தாழும்னு சொன்னவன் நம்ம வீட்டப் பாத்துட்டுத்தான் சொல்லியிருக்கணும்."

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாய்தான் அவனுக்கு நீளம், மனசில் ஒன்றும் கிடையாது.

நடுவில் வைக்க வேண்டியது மாடிப்படியில் அகப்பட்டது. முதல் மாடித் திருப்பத்துச் சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியது. அதன் குறுக்கே விரல் நீளத்துக்கு ஒரு காகிதத் துண்டு ஒட்டியிருந்தது. ஓரம் பழுப்பேறி, பென்சிலில் ஏதோ தேதி எழுதி, நடுவில் நார் நாராகக் கிழிந்து. எந்தக் காலத்து நோட்டீஸோ என்று நினைத்தாள். என்ன அழகான கிழிசல் என்றும் நினைத்தாள். ஈரத்துணியால் ஒற்றி, பிளேடை அடியில் கொடுத்து, முதலில் இடப்பக்கத்தையும் அப்புறம் வலப்பக்கத்தையும் எடுத்தாள். கிழிந்த ஓரத்தில் செங்கல் தூள் சிவப்பாக ஏறியிருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டையும் நெருக்கி ஒட்டி, மேலே கோந்தும் கரியும் பூசினாள். போஸ்டர் அதோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை இன்ஜினியர் வந்தார். கட்டடத்துச் சங்கம் மாதம் ஒருமுறை வரச்சொல்லியிருந்தவர். படித் திருப்பத்தில் நின்று அவர் போட்ட சத்தத்துக்கு எல்லாக் கதவும் திறந்தன.

"இங்க ஒட்டியிருந்த பேப்பரை யாரு எடுத்தது?"

"நான்தான் சார். ஏன்?"

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"சுவர் நகந்தா பேப்பர் கிழியும்மா. கிழியலன்னா பயமில்ல. அதுக்காக ஒட்டினது. மீட்டிங்ல சொன்னேனே, யாரும் தொடக்கூடாதுன்னு."

மீட்டிங்குக்குப் போனவன் அவள் கணவன். என்ன பேசினார்கள் என்று அன்றைக்கு அவள் கேட்டபோது, "வழக்கம் போல வெட்டிப் பேச்சு" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனவன். இப்போது தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்ஜினியர் மேலே வந்து போஸ்டர் முன்னால் குனிந்தார். கோந்தும் கரியும் காகிதத்தை மூடியிருந்தன.

"நீங்க எடுக்கும்போது இது முழுசா இருந்ததா, ஏற்கெனவே கிழிஞ்சிருந்ததா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

யோசிக்க எதுவும் இல்லை. விரல்நுனியில் அந்தச் சிவப்புத் தூள் இன்னும் இருப்பது போலிருந்தது.

"கிழிஞ்சிருந்தா என்ன செய்வீங்க?" என்று கூடவே வந்து வாசலில் நின்ற அவள் அக்கா கேட்டாள்.

"அந்தச் சுவரை ஒட்டின வீட்ல ஒரு நிமிஷமும் யாரும் இருக்கக்கூடாது."

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா வீடு. நாலு மாதத்துக்கு முன்னால், பக்கத்திலேயே இரு அக்கா என்று நச்சரித்து அவளை இங்கே குடிவைத்ததே தங்கையான இவள்தான். அக்காவின் தையல் மெஷின் அந்தச் சுவரோரம்தான் இருந்தது. இப்போதுதான் நாலு பேர் தேடி வந்து துணி கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"மறுபடியும் மூட்டை கட்டச் சொல்லிடாதடி" என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

கணவன் தொண்டையைச் செருமினான். "இவ பிளேடு போட்டு எடுத்திருக்கா சார். அதுலதான் கிழிஞ்சிருக்கும். இல்ல?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"ஆமா. பிளேடுதான்."

சொன்ன பிறகுதான், அதைச் சொன்னது தான் என்பது அவளுக்கே உறைத்தது. இன்ஜினியர் கரியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பிறகு கீழே போய்ப் புதிய காகிதம் ஒட்டி, தேதி எழுதி, அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் சாப்பிட உட்காராமல் போஸ்டர் முன்னால் போய் நின்றாள். பிளேடு வெட்டினால் ஓரம் நேராக இருக்கும். இது கரிக்கு அடியிலும் நார் நாராக, சிவந்து, போஸ்டரின் நட்டநடுவில் ஊருக்கே தெரிகிற மாதிரி அவளுக்குப் பட்டது. அதன் கீழே அவள் பேர்.

மூன்று மணிக்குக் கண்காட்சிக்குக் கொண்டுபோக வண்டிக்காரர்கள் இருவர் வந்து போஸ்டரைத் தூக்கினார்கள். அவள் முன்னால் இறங்கினாள். திருப்பத்தில் நின்று பார்த்தாள். புதுக் காகிதம் வெள்ளையாக, முழுசாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு வந்தது. இன்ஜினியர் போன கையோடு அவள்தான் இந்தப் படியைப் பெருக்கிவிட்டிருந்தாள். அந்தச் சுத்தமான படியில் இப்போது விரிசலுக்கு நேர் கீழே, நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு சிவப்புத் தூள்.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் மெஷின் ஓட ஆரம்பித்தது. காகிதம் அதிர்ந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோட்டின் மேல் இன்னும் கொஞ்சம் தூள் விழுந்தது.

"அதைக் கீழ வைங்க" என்றாள்.

"லேட்டாகுதும்மா."

"வைங்க."

அவள் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே மெஷின் நிற்கவில்லை. இரண்டு கையாலும் தட்டினாள்.