தரிப்பிடத்து விருந்தாளி

ஆர்த்திகாவின் கலியாணத்துக்குப் போவதில்லை என்று நகுலேஸ்வரன் முடிவெடுத்ததற்கு ஒரே ஒரு காரணம்தான். கார்ட் தபாலில் வந்தது.

மொன்றியலில் முழங்கால் அளவு பனி கிடந்தாலும் யாழ்ப்பாணத்துச் சனம் கலியாணத்துக்கு வீட்டை வந்துதான் சொல்லும். புருஷனும் பெண்சாதியுமாக வந்து, தேத்தண்ணி குடித்து, இரண்டு கையாலும் கார்ட்டைத் தந்து, "கட்டாயம் வரவேணும்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் எழும்புவார்கள். தபாலில் வருகிற கார்ட்டும் பீட்சாக் கடை நோட்டீசும் நகுலேஸ்வரனுக்கு ஒன்றுதான். அனுப்பியது யாரோ எவரோ என்றாலும் பரவாயில்லை. அனுப்பியது கிருபானந்தன். எண்பத்தொன்பதில் வந்திறங்கிய புதிதில் ஒரே மெத்தையில் இவன் பகலிலும் அவன் இரவிலுமாகப் படுத்தெழும்பிய கூட்டாளி. அவன் மகள் ஆர்த்திகா பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டி வந்ததே இவனுடைய பழைய காரில்தான்.

"ஒருத்தரும் போகக்கூடாது," என்று மனைவி பாலாம்பிகைக்குக் கட்டளை போட்டான். பாலாம்பிகை அந்தக் கலியாணத்துக்கென்று சீலை எடுத்து, சட்டையும் தைப்பித்து வைத்திருந்தாள். சீலையை மடித்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அதற்குப் பிறகு வீட்டில் கறிக்கு உப்பு ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். கேட்க இவனுக்குத் துணிவு வரவில்லை.

கலியாணம் ஜூன் மாதத்து ஒரு சனிக்கிழமை. டோர்வல் எயார்ப்போட்டில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிற வேலை இவனுக்கு. அன்றைக்கு ஓவர்டைம் என்று சொல்லி வேலைச் சட்டையோடு வெளிக்கிட்டான். பிறகு ஒரு பெட்ரோல் ஸ்டேஷன் கழிப்பறையில் கோட்டும் டையும் மாற்றிக்கொண்டு, நேரே கலியாண மண்டபத்துக்கு முன்னால் போய்க் காரை நிறுத்தினான். கொள்கை உள்ள மனிதர்களுக்கு இப்படிச் சில சிரமங்கள் இருக்கத்தான் செய்யும்.

உள்ளே போகும் எண்ணம் அவனுக்கு இல்லை. கிருபானந்தன் தன்னைத் தேடி வெளியே வருவான் என்பதுதான் அவனுடைய கணக்கு. "நகுலன் எங்கை, நகுலன் வராமல் தாலி கட்டக்கூடாது," என்று வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வருவான். இவன் மூன்று தரம் மறுப்பான். நாலாம் தரம் மனமிரங்குவான். என்னென்ன சொல்லி மறுப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தான். பத்தேகாலுக்கு நிறுத்திய காரில் பதினொன்றரை வரைக்கும் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு இருந்தான். ஒருவரும் வரவில்லை.

கடைசியில் தானே இறங்கி வாசல்வரை நடந்தான். பன்னீர்ச் செம்போடு நின்ற முன்பின் தெரியாத பெண் ஒருத்தி சிரித்தாள். அந்த நேரம் பார்த்துக் கெட்டிமேளம் முழங்கியது. அவன் வாசலுக்கு வெளியே செருப்புகளோடு செருப்பாக நின்று அதைக் கேட்டான். அப்படியே திரும்பினான்.

காருக்கு வந்தால் கண்ணாடியில் ஒரு மஞ்சள் கடதாசி செருகியிருந்தது. அவன் காரை நிறுத்திய அந்தத் தரிப்பிடம் பக்கத்துத் தளபாடக் கடைக்காரருடையது. அதைக் காவல் காக்க ஒரு தனியார் கம்பனியைப் பிடித்துவிட்டிருக்கிறார்கள். கார் நம்பர், திகதி, வந்த நேரம், கண்ட நேரம், இடம் எல்லாம் பிரெஞ்சில் எழுதி, ஐம்பத்தெட்டு டொலர் கட்டு என்று கேட்டிருந்தார்கள். உள்ளே இருந்த சனத்தில் அவனைக் கவனிக்க ஒருவர் இல்லை. இந்தக் கம்பனிக்காரன் மட்டும் நிமிஷக் கணக்காகக் கவனித்திருக்கிறான்.

சத்தமில்லாமல் காசைக் கட்டியிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் போகாத கலியாணத்துக்கு ஐம்பத்தெட்டு டொலர் கொடுக்க எந்த மனம் வரும்? கடதாசியை டாஷ்போர்டுக்குள் தள்ளி, நாளைக்கு நாளைக்கு என்று மூன்று கிழமையை ஓட்டினான். அதற்குள் ஒரு நாள் காரில் போகும்போது பாலாம்பிகை டிஷ்யூ தேடி அங்கே கையை விட்டாள்.

அரசாங்கத்துப் பிரெஞ்சு வகுப்புக்கு அவளை அனுப்பியதே இவன்தான். அவள் மெதுவாக, எழுத்தெழுத்தாக, மேலிருந்து கீழே வாசித்தாள்.

"அண்டைக்கு உங்களுக்கு டோர்வல்லை ஓவர்டைம் எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

நகுலேஸ்வரன் றோட்டைப் பார்த்தான்.

"எயார்ப்போட்டை மண்டபத்துக்குப் பக்கத்திலை மாத்திப் போட்டாங்களோ?"

"நான் உள்ளுக்குப் போகேல்லை, பாலா. சத்தியமா."

"அது இன்னும் வெக்கக்கேடு," என்றாள் அவள். "என்னை வீட்டிலை பூட்டி வைச்சுப்போட்டு, நீங்கள் கார்ப் பார்க்கிலை காவல் இருந்தனீங்கள்."

பிறகு தீர்ப்பைச் சொன்னாள். கடதாசியின் அடியில் ஒரு வரி இருந்தது. மண்டபத்துக்கு வந்த விருந்தாளி என்று விழா வீட்டுக்காரர் கையெழுத்து வைத்து முப்பது நாளுக்குள் அனுப்பினால் காசு கட்டத் தேவையில்லை. "கிருபாண்ணையிட்டை நீங்களே போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாருங்கோ. இல்லாட்டி நான் போன் எடுத்து எல்லாத்தையும் சொல்லுவன்."

இனி ஐம்பத்தெட்டு டொலர் ஒரு பொருட்டே அல்ல. இருநூறு என்றாலும் கட்டத் தயாராக இருந்தான். கிருபானந்தனுக்குத் தெரிந்துவிடுமே என்பதுதான் அவனுடைய பயம். முறைத்துக்கொண்டு போகாமல் விட்டவன் என்றால் அது கௌரவம். போய் வாசலில் நின்று திரும்பியவன் என்றால் இனி எந்தக் கலியாண வீட்டிலும் தலை நிமிர்த்த முடியாது. கிருபானந்தன் சிரிக்கப்போகிற சிரிப்போடு முப்பது வருஷத்துச் சினேகிதமும் போய்விடும். அந்தச் சினேகிதம் போவதை அவனால் தாங்க முடியாது. அதை அவன் ஒருவருக்கும் சொன்னதில்லை.

கிருபானந்தன் ஆற்றுக்கு அப்பால் புரோசார்ட்டில் வீடு வாங்கிப் போய் மூன்று வருஷம். பாலத்தைத் தாண்டுகிற வரைக்கும் நகுலேஸ்வரன் பேச்சை ஒத்திகை பார்த்தான். முதலில் தபால் கார்ட், பிறகு பழைய மெத்தை, கடைசியில்தான் மஞ்சள் கடதாசி. தாக்கிவிட்டுத்தான் சரணடைய வேண்டும்.

கதவைத் திறந்த கிருபானந்தன் இவன் கையைப் பார்த்தான்.

"வா மச்சான். உனக்கும் தந்திட்டாங்களோ? நீ பன்ரெண்டாவது ஆள். இஞ்சை தா."

வாங்கிச் சாப்பாட்டு மேசையில் வைத்து, ஒரு எழுத்தும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டான். நகுலேஸ்வரன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"கிருபா, அண்டைக்கு நான்..."

"குறை நினையாதை. நானூத்தைம்பது சனம். உன்னோடை ரெண்டு வார்த்தை கதைக்கேலாமல் போச்சு. ஆனா நான் கண்டனான். வாசல்லை நிண்டு ஆக்களை வரவேற்றுக்கொண்டு நிண்டாய். நகுலன் வாசல்லை நிக்கிறான், இனி ஒண்டுக்கும் பயமில்லை எண்டு மனிசிக்கும் சொன்னனான். பாலாவைத்தான் காணேல்லை. பொம்பிளையளின்ரை பக்கம் இருந்திருப்பா."

"நான் உள்ளுக்கு வரேல்லை, கிருபா."

"அதைத்தானே நானும் சொல்லுறன். உள்ளுக்கு வந்து ஒரு நிமிஷம் இருக்கேல்லையே நீ."

நகுலேஸ்வரன் ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தான். ஒன்றரை மாதமாகக் கட்டிக் காத்த கோபம் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவேயில்லை. அவன் வராததை அந்த வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. இருந்தாலும் கடைசியாக ஒருதரம் முயன்று பார்த்தான்.

"கார்ட் தபாலிலையெல்லோ வந்தது."

"உனக்குமோ?" கிருபானந்தன் தலையில் அடித்துக்கொண்டான். "மகள் பாத்த வேலை. போன் புத்தகத்திலை இருந்த எல்லாருக்கும் ஒட்டி அனுப்பியிருக்கிறாள். பிறத்தி ஆக்களுக்கு நானும் மனிசியும் வீடு வீடாப் போய்ச் சொன்னம். வீட்டாக்களுக்கு ஆர் மச்சான் கார்ட் குடுக்கிறது?"

நகுலேஸ்வரன் மஞ்சள் கடதாசியை எடுத்து நாலாக மடித்தான். பார்வை கலங்கியதால் மடிப்பு நேராக வரவில்லை. வெட்கமாக இருந்தது. அழவேண்டும்போலவும் இருந்தது.

"சாப்பாடு எப்பிடி அண்டைக்கு?" என்று கிருபானந்தன் கேட்டான். "எல்லாரும் நல்லது நல்லது எண்டுதான் சொல்லீனம். நீ உள்ளதைச் சொல்லுவாய்."

நகுலேஸ்வரன் யோசித்தான்.

"சோறு கொஞ்சம் குழைஞ்சிட்டுது," என்றான்.

"பாத்தியா. எனக்கும் அப்பவே தெரியும்," என்று கிருபானந்தன் அவன் தோளில் தட்டினான்.

வீட்டுக்கு வந்தபோது பாலாம்பிகை கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கடதாசியை விரித்துக் கையெழுத்தைப் பார்த்தாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவளுடைய முகம் கொஞ்சம் இளகியது.

"நாங்கள் போகாததுக்கு என்ன சொன்னவர்?"

நகுலேஸ்வரன் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தான். நிமிர நேரமெடுத்தது.

"சரியான கவலை அவனுக்கு," என்றான். "கதைக்கேக்குள்ளை கண்கூடக் கலங்கிப்போச்சு."

"கலங்கத்தானே வேணும்," என்றாள் பாலாம்பிகை. "எங்கடை அருமை இப்பவாவது தெரியட்டும்."