விசிறி நின்ற படம்

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் முருங்கை மரம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பார்கள். நான் வாழ்க்கைப்பட்டது ஒரு விமானப் பைத்தியத்துக்கு. அதனால்தான் மண்டையைப் பிளக்கும் வெயிலில், விமானப்படைத் தளத்தின் கம்பி வேலியோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அதுவும் ஓடுபாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

முதுகைக் காட்டியதற்குக் காரணம் இருந்தது. அன்றைய விமானக் கண்காட்சியில் எங்கள் மகள் பறக்கிறாள். வீட்டில் அவளுக்கு வாண்டு என்று பெயர். மூக்கில் ஒற்றை விசிறி வைத்த பயிற்சி விமானத்தில் தன்னந்தனியாக ஏறி, இவ்வளவு கூட்டத்துக்கு முன்னால் முதல் தடவையாகக் குட்டிக்கரணம் போடப் போகிறாள். அவள் மேலே இருக்கும்போது நிமிர்ந்து பார்க்கும் தைரியம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. மருந்துக் கடையில் நின்று ஊரார் படபடப்புக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவள் நான். என் படபடப்புக்கு எந்த அலமாரியிலும் மருந்து இல்லை.

அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். நேரில் பார்க்க மாட்டேன். என் கணவர் எடுக்கும் படங்களை மட்டும் கேமராவின் பின்பக்கத் திரையில் பார்ப்பேன். படத்தில் இருப்பது நடந்து முடிந்த விஷயம். முடிந்துபோனதற்கு எதற்குப் பயம்?

"நீ படத்தைப் பாக்குறதுக்குள்ள அவ அந்தக் கோடிக்குப் போயிருப்பா" என்று சிரித்தார் அவர்.

"போகட்டும். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அவருக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடை. அது பிழைப்பு, உயிர் என்னவோ போர் விமானங்களைப் படம் பிடிப்பதில்தான். எங்கள் கூடத்தில் கல்யாணப் படம் ஒன்றே ஒன்று மாட்டியிருக்கிறது, அதுவும் இரண்டு ஜெட்களுக்கு நடுவில் நசுங்கிப்போய். குளியலறைக் கதவின் உட்புறத்தில்கூட ஒரு குண்டுவீச்சு விமானம் என்னை நோக்கி வந்துகொண்டிருக்கிறது. நிம்மதியாகப் பல் துலக்க முடியாது.

முதலில் ஜெட்கள் வந்தன. வானத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போயின. அந்தச் சத்தத்துக்குப் பயந்து நான் காதில் பஞ்சடைப்பான் திணித்திருந்தேன். அவர் பெரிய காதுக்கவசம் மாட்டியிருந்தார். அடுத்தது வாண்டுவின் முறை. என் தோளில் உரசிக்கொண்டிருந்த அவர் முழங்கை மேலே எழுந்தது. அவர் படம் எடுக்கிறார் என்று மட்டும் தெரிந்தது. பிறகு கேமராவைத் தாழ்த்தித் திரையைப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

எனக்குக் காட்டவில்லை. நான் பிடுங்கிப் பார்த்தேன்.

படம் பளிச்சென்று இருந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் வெள்ளைத் தலைக்கவசம், என் பெண். விமானத்தின் மூக்கில் விசிறி. அதன் இறக்கைகள் தனித்தனியாக, துடைத்து வைத்த கத்திகளைப் போல, அசையாமல் நின்றன.

"நின்னு போச்சு" என்றார் அவர். காதில் விழவில்லை, உதடு அசைந்ததில் புரிந்தது.

இரண்டு பேரும் வானத்தைப் பார்த்தோம். வெறும் வானம். தாழப் பாய்ந்து, விமானக் கொட்டகையின் கூரைக்குப் பின்னால் மறைந்தவள் வெளியே வரவில்லை. பக்கத்தில் அலுமினிய ஏணி போட்டு அதன்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த, என் கணவரின் கேமராக் கூட்டாளி ஒருவரின் கால்சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இறங்குங்க! இறங்குங்கன்றேன்ல!"

அந்த மனிதர் பதறி இறங்கினார். புடவையை வாரிப் பிடித்துக்கொண்டு ஏறி, பஞ்சடைப்பானைப் பிடுங்கி எறிந்தேன். இன்ஜின் சத்தம் அப்போதுதான் கேட்டது. கூரைக்குப் பின்னாலிருந்து என் பெண் செங்குத்தாக மேலே வந்தாள். மூக்கில் விசிறி, தனித்தனி இறக்கையாக அல்ல, ஒரே பளபளப்பான வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உச்சிக்குப் போனாள், தலைகீழாகப் புரண்டாள், மறுபடி நேராக வந்தாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஏணிமேல் நின்று சத்தம் போட்டு அழுதேன். அழுதுகொண்டே, சக்கரம் தரையைத் தொடும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

கீழே ஏணிக்காரர் கேமராவை வாங்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"சார், ஜெட்டுக்கு வெச்ச ஷட்டர் வேகத்தை மாத்தவே இல்லையா? அவ்வளவு வேகத்துல எடுத்தா எந்த விசிறியும் நிக்கிற மாதிரிதான் விழும். போன மாசம் இதே தப்புக்குத்தானே என்னை அந்த வாங்கு வாங்குனீங்க! சரி விடுங்க, யானைக்கும் அடி சறுக்கும்."

"யானை எங்க வேணாலும் சறுக்கட்டும்" என்றேன். "என் உயிரை ஏன் எடுக்கணும்?"

இறங்கி வந்து நாலு வார்த்தை கேட்கத்தான் நினைத்தேன். ஆனால் என் கணவர் புல்தரையில் உட்கார்ந்து, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். என் கோபம் எங்கே போயிற்றோ. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உங்களுக்கும் பயமா?"

"எப்பவும்தான்" என்றார். "கேமராவைக் கண்ணுல வெச்சுக்கிட்டா அது வெறும் விமானம்னு நெனச்சுக்குவேன். உள்ள நம்ம வாண்டு இருக்கான்ற நெனப்பு வந்துச்சுன்னா, கையும் ஓடாது காலும் ஓடாது. இன்னிக்கு அந்த நெனப்பு வந்துடுச்சு."

இத்தனை வருஷமாக இந்த வீட்டில் பயந்தாங்கொள்ளி நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். அப்படியே அவர் தோளில் சாய்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் வாண்டு பறக்கும் உடையோடு வேலியருகே ஓடி வந்தாள். முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் பல்.

"என்னப்பா, படம் எப்படி வந்துச்சு?"

"ஒண்ணும் உருப்படியா வரலை."

"போங்கப்பா! ஏம்மா, நீ எதுக்கு அழுதிருக்க? எல்லாம் சரியாத்தானே செஞ்சேன்?"

"சரியா தப்பா எனக்கென்னடி தெரியும்? நீ இறங்கிட்டல்ல, அது போதும்."

"சாயங்காலம் இன்னொரு தடவை ஏறணும்மா."

அவர் கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். நான் அவர் கையைப் பிடித்தேன். வேர்த்திருந்தது, என் கையும்தான். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாண்டு கம்பிக்குள் விரலை நுழைத்து என் கன்னத்தைத் துடைத்தாள்.

"சரி, ரெண்டு பேரும் சேந்தே பயப்படுங்க. நான் போயிட்டு வந்துடுறேன்."