சக்கரத்துக்கு மேலே ஒரு முடிச்சு

செல்லக்கண்ணுவுக்கு அந்த ஜீப் என்றால் உயிர். புதிதாக எழும்பும் அடுக்குமாடி வீட்டுப் பேட்டைகளில் புல் பதிக்கிற காண்ட்ராக்ட் அவருடையது. தெம்பனிஸ், பாசிர் ரிஸ் என்று கண்ணில் கண்ட சேற்றிலெல்லாம் மூன்று வருடமாக அதை விட்டு ஓட்டியிருந்தார். ஜப்பானிலிருந்து வரும்போதே சக்கரங்களுக்கு மேல் கறுப்புப் பிளாஸ்டிக் விளிம்பும், கதவுகளுக்குக் கீழே அதே கறுப்பில் அகலப் பட்டையும் மாட்டிக்கொண்டு வந்த வண்டி. பார்வைக்குக் கம்பீரம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் போன சேறு வெளியே வருவதில்லை. எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் முன்பக்கம்தான் பளபளக்கும். விளிம்பை ஒட்டிப் பெயிண்ட் உப்பித் துரு தலைகாட்டியபோது, ஜாலான் புசார் சந்தில் ஒர்க் ஷாப் வைத்திருந்த முகைதீன் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். பிளாஸ்டிக்கைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்துத் திரும்ப மாட்டாவிட்டால் இன்ஸ்பெக்‌ஷனில் வண்டி தேறாது.

அன்று சனிக்கிழமை. வண்டியை விட்டுவிட்டு அப்படியே தேக்கா சந்தையில் மீன் வாங்கலாம் என்று மனைவி பூவம்மாவையும் கூட்டி வந்திருந்தார். பின்சீட்டில் அவருடைய தம்பி வடிவேலு. தோ பாயோ வீட்டிலிருந்து வந்த வழியெல்லாம் அண்ணனும் தம்பியும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துவிட்டது, மாதக் கடைசியில் போகிறேன் என்று வடிவேலு சொன்ன நாளிலிருந்து இதே கதைதான். 'சொந்தத் தொழிலை விட்டுட்டு எவன்கிட்டயோ கைகட்டப் போறியா' என்று இவர் கத்த, 'நான் போனப்புறம்தான் உங்களுக்குத் தெரியும்' என்று அவன் கத்த, நடுவில் கிடந்து தவித்தவள் பூவம்மா. அவள் கல்யாணமாகி வந்தபோது வடிவேலு அரை டிரவுசர் போட்ட, தாயில்லாத பிள்ளை. சோறு ஊட்டாத குறையாக வளர்த்தவள் அவள்தான்.

போதாத காலம் வேறு. பாசிர் ரிஸில் புல் தரையை அழுத்தும் ரோலர் ஏறி ஒரு வேலையாளின் கால் நசுங்கியது. அடுத்த மாதமே செல்லக்கண்ணு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். சிகரெட்டை விடு என்றார் டாக்டர். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார் இவர்.

முகைதீன் முன்சக்கரத்தருகே சப்பணமிட்டு உட்கார்ந்தார். தட்டை ஸ்குரூ டிரைவரின் முனையில் துணி சுற்றி, பெயிண்ட்டில் கீறல் விழாமல் விளிம்புக்குள் நுழைத்து மெல்ல நெம்பினார். ஒரு கிளிப் டப்பென்று உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் அப்படித்தான் இருக்கும், புதுக் கிளிப் வேண்டும் என்றார். வடிவேலுவை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அனுப்பினார்கள். விளிம்பு கையோடு வந்தபோது, காய்ந்த சேறு கட்டிகட்டியாகச் சிமெண்டுத் தரையில் கொட்டியது.

"பின்னாடியும் கழட்டணுமா பாய்? முன்னாடிதானே துரு?" என்று பூவம்மா கேட்டாள்.

"எல்லாத்தையும்தான்மா. உள்ளார என்னா இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

பூவம்மாவுக்குத் தெரியும்.

வண்டி வாங்கிய வருடம், ஜொகூரில் கோத்தா திங்கி பக்கம் செல்லக்கண்ணு கண்ணயர்ந்து வண்டியை வாய்க்காலில் இறக்கினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது. பதறிப்போன பூவம்மா கோயிலில் ஒரு செப்புத் தகடு மந்திரித்து வாங்கினாள். அந்த ஆடிப் பதினெட்டுக்குத்தான் தாலிக் கயிறு மாற்றியிருந்தாள். பழைய கயிற்றைக் கடலில் விடாமல் எடுத்துவைத்து, தகட்டைச் சுற்றி முடிந்தாள். தன் மஞ்சள் கயிறு கூடவே போனால் புருஷனுக்கு ஒன்றும் ஆகாது என்று அவள் மனது சொன்னது. இடது பின்சக்கரத்து விளிம்பில் ஒரு கிளிப் விட்டுப்போய், விரல் நுழைகிற இடைவெளி இருந்தது. வீட்டு பிளாக்குக்குக் கீழே கார் பார்க்கில், யாரும் பார்க்காத நேரம், முடிச்சை உள்ளே செருகினாள். அவரிடம் சொல்லவில்லை. தாயத்து, தகடு என்றாலே விழுந்து விழுந்து சிரிக்கிற மனுஷன் அவர்.

இப்போது அவள் ஸ்டூலிலிருந்து எழுந்து பின்சக்கரத்துப் பக்கம் போய்க் குனிந்தாள்.

"சேலையில கிரீஸ் ஒட்டிக்கும். தள்ளி உக்காரு" என்றார் செல்லக்கண்ணு. முகைதீனும் அதற்குள் அங்கே வந்துவிட்டார். பூவம்மா ஸ்டூலுக்குத் திரும்பி, கடவுளே, அது எப்போதோ ரோட்டில் விழுந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

விழுந்திருக்கவில்லை. சேற்றோடு சேர்ந்து முகைதீனின் முழங்காலருகே விழுந்தது. அவர் அதை ஸ்குரூ டிரைவர் நுனியில் தூக்கிப் பார்த்தார். தகடு பச்சை பூத்திருந்தது. கயிறு கரேலென்று கறுத்திருந்தது, முடிச்சின் இடுக்கில் மட்டும் கொஞ்சம் மஞ்சள்.

"அண்ணே, கையால தொடாதீங்க" என்றார் முகைதீன்.

செல்லக்கண்ணு கிட்டே வந்து பார்த்தார். முகம் வெளுத்தது. "தாலிக் கயிறு பாய் இது. நான் சாகணும்னு கட்டியிருக்காங்க."

பூவம்மா வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். வேற்று ஆள் முன்னால் தன் தாலிக் கயிறு ஸ்குரூ டிரைவரில் தொங்குகிற வெட்கம் ஒரு பக்கம். புருஷன் முகத்தில் அதுவரை பார்த்தேயிராத பயம் மறுபக்கம். வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த நேரம் பார்த்து வடிவேலு கிளிப் பையோடு உள்ளே வந்தான்.

"எங்க போயி இதச் செஞ்சே? ஜொகூர் மந்திரவாதிகிட்டயா?" என்றார் செல்லக்கண்ணு.

"எத?"

"வீட்டுக்குள்ள இருக்கிறவனுக்குத்தான் உங்க அண்ணி கயிறு கிடைக்கும். நான் போனப்புறம் தெரியும்னியே, இதத்தானே சொன்னே?"

வடிவேலு முடிச்சைப் பார்த்தான். பிறகு அண்ணியைப் பார்த்தான்.

"நான்தாங்க வெச்சேன்" என்றாள் பூவம்மா. "கோத்தா திங்கியில வண்டிய வாய்க்கால்ல விட்டீங்களே, அப்ப. உங்களுக்கு ஒன்னும் ஆகக் கூடாதுன்னு."

"யாரு குடுத்தா?"

"கோயில்ல இருந்த பழைய ஐயரு. அவரு ஊருக்குப் போயிட்டாரு."

"போயிட்டாரு" என்று அவர் தலையாட்டினார். "இது விழுந்து எவ்வளவு நேரமாச்சு? அப்பவே ஏன் சொல்லல?"

வெட்கம் என்று சொன்னால் அந்த இடத்தில் யார் நம்புவார்கள்?

"நீ வளர்த்த பிள்ள. அவனுக்காக நீ என்ன வேணும்னாலும் சொல்லுவே. விடு" என்றார் செல்லக்கண்ணு. குரல் கனிவாக இருந்தது. அடித்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. காப்பாற்றுகிற தகட்டைக் கேலி செய்தவர், அதையே கொல்லுகிற தகடு என்றதும் ஒரு சாட்சிகூடக் கேட்காமல் நம்பிவிட்டார். என்ன மனுஷன் இவர் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வடிவேலு கிளிப் பையைப் பானெட் மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தான்.

"பாய், அந்தப் பிளாஸ்டிக்க திரும்ப மாட்டாதீங்க" என்றார் செல்லக்கண்ணு.

"டயரு வெளிய நீட்டிக்கிட்டு நிக்கும்ண்ணே. இன்ஸ்பெக்‌ஷன்ல விடமாட்டாங்க லா."

"சின்ன டயரா போடுங்க. வண்டியில மறைவா ஒரு எடம் இருக்கக் கூடாது."

பூவம்மா அதற்கு மேல் நிற்கவில்லை. செருப்பு சரியாக மாட்டிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் வடிவேலுவின் பின்னால் ஓடினாள். அவன் ஜாலான் புசார் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தான்.

"சாமி சத்தியமா நான்தான் வெச்சேன் வடிவேலு."

"தெரியும் அண்ணி."

"எப்படித் தெரியும்?" என்றாள் அவள்.

"வண்டி கழுவுறது நான்தானே. ஒரு தடவ கயிறு வெளிய தொங்குச்சு. மஞ்சளப் பாத்ததும் நீங்கதான்னு புரிஞ்சுச்சு. தண்ணியில போயிடப் போவுதுன்னு நான்தான் திரும்ப உள்ள தள்ளிவிட்டேன்."

"அப்ப வா. வந்து இத அவருகிட்ட சொல்லு." அவள் அவன் கையைப் பிடித்தாள்.

"என்னான்னு சொல்றது? அது அங்க இருந்தது எனக்கு முன்னாடியே தெரியும், நான் கையால தொட்டேன்னா?" வடிவேலு சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நம்பினாலும் என்னா அண்ணி? நான் செஞ்சிருப்பேன்னு அவருக்குத் தோணிடுச்சு. கொஞ்சம்கூட யோசிக்கல, பாத்தீங்களா."

அவள் கையை விட்டாள். பஸ் வருவது தெரிந்தது.

"கூட்டாளி வீட்டுல தங்கிக்கிறேன். திங்கக்கிழமை அவரு சைட்டுக்குப் போனப்புறம் வர்றேன். என் துணியெல்லாம் எடுத்து வெச்சிருங்க. அவருக்குத் தெரிய வேணாம்."

பூவம்மா சரி என்று தலையாட்டினாள். பஸ் அவனை ஏற்றிக்கொண்டு திருப்பத்தில் மறைந்த பிறகுதான், புருஷனுக்குத் தெரியாமல் இன்னொரு காரியத்துக்கும் தான் ஒத்துக்கொண்டுவிட்டது அவளுக்கு உறைத்தது.