செலினியப் புகை

பாஞ்சாலி கரண்டியால் ஊட்டிய கஞ்சி, நாகேந்திரனின் கடைவாய் வழியே திரும்பி வழிந்தது. முந்தானையால் துடைக்கக் குனிந்தவளுக்கு மறுபடியும் அந்த வாடை அடித்தது. பூண்டு வாடை. ஆடிக் கிருத்திகைக்காக விரதம் இருக்கும் வீடு அது. ஒரு மாதமாகப் பூண்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. புருஷனின் மூச்சில் மட்டும் அது வந்துகொண்டே இருந்தது.

காலையில் வந்த டாக்டர் அவன் கையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு விரல்களில் நகமே இல்லை. கொல்லை ஷெட்டில் என்ன உருக்குகிறீர்கள் என்று கேட்டார். அவள் சொன்னாள்.

"நெஞ்செல்லாம் அந்தப் புகைதாம்மா. மூச்சுல பூண்டு வாடையும் அதாலதான். இனிமே அங்க யாரும் போவ வேணாம்" என்றவர், மருந்து ஒன்றும் எழுதாமல் எழுந்து போனார்.

யாரும் என்றால், மிச்சம் இருந்தது ஒருவன்தான். அவள் தம்பி கஜபதி.

யுத்தத்தால் சீமைச் சாமான் வரத்து நின்றபோது, கனகம்மாசத்திரத்து டூரிங் டாக்கீஸ் ஊமையாகிவிட்டது. படம் ஓடும், பேச்சு வராது. பிலிம் ஓரத்துக் கோடுகளில் புகுந்து வரும் வெளிச்சத்தை உணர்ந்து சத்தத்துக்கு வழி செய்யும் செல் கெட்டுப்போயிருந்தது. அங்கே ஆபரேட்டராக இருந்த நாகேந்திரன், மூர் மார்க்கெட்டில் தேடிப் பிடித்த வெளிச்சம் பட்டால் மின்சாரம் கடத்தும் செலினியத்தை உருக்கித் தகட்டில் மெல்லிசாகப் பூசி, தானே ஒரு செல் செய்துவிட்டான். அன்று திரையில் பாட்டு கேட்டதும் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறகு பொதட்டூர்பேட்டை, புத்தூர், சித்தூர் என்று டாக்கீஸ்காரர்கள் தேடி வந்தார்கள். திருத்தணியில், வீட்டுக் கொல்லையிலேயே ஷெட் போட்டு, 'நாகேந்திரா ஒளி செல் கம்பெனி' என்று தகரத்தில் எழுதி மாட்டினான். கம்பெனி என்றால் அவனும், அவனைப் பாவா என்று கூப்பிடும் மச்சான் கஜபதியும்தான்.

செல்லை இருட்டில்தான் சோதிக்க முடியும். அதனால் ஷெட் ஜன்னல்களில் தார்க் காகிதம் ஒட்டினார்கள். புகைக்கும் வெளியே போக வழியில்லாமல் போயிற்று.

"உருக்கறப்பவாவது ஜன்னலத் தெறந்து வைங்களேன்" என்று பாஞ்சாலி எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள்.

"பிச்சிப் பிச்சி ஒட்டிகினு இருந்தா வேல ஆவுமா?" என்று சிரிப்பான்.

உச்சி வேளையில் நாகேந்திரன் கண்ணைத் திறந்தான்.

"கஜபதிய..." என்றான்.

"கஜபதிய இன்னாங்க?"

உதடு அசைந்தது. சொல் வரவில்லை. பிறகு மூச்சும் வரவில்லை.

அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஆண்கள் உடலைக் குளிப்பாட்ட முற்றத்துக்குத் தூக்கினார்கள். அவர்களுள் தம்பி இல்லை. பாஞ்சாலி தன்னைப் பிடித்திருந்த கைகளை விலக்கிவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள்.

ஷெட் கதவிடுக்கில் புகை கசிந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைத் தள்ளினாள். கரியடுப்பின் முன்னால் கஜபதி குந்தியிருந்தான்.

"புத்தூர்காரங்க நாளைக்கு வராங்கக்கா. பாவா வாக்கு குடுத்துட்டாரு."

"எழுந்து வாடா."

"இது ஒண்ணு முடிச்சிட்டு வந்துர்றன்."

அவள் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். "எம் மூஞ்சில ஊது."

கஜபதி முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைவாயில் வெற்றிலைச் சாறு சிவந்திருந்தது. வெற்றிலையே தொடாதவன், இந்த ஒரு மாதமாகத்தான் ஓயாமல் மென்றுகொண்டிருந்தான்.

"ஊதுடா. கேக்கறன் இல்ல?"

அவன் ஊதவில்லை.

"எப்பத்துலேந்து?"

அடுப்புக் கரியைக் கிளறிக்கொண்டே, "பாவாக்குத் தெரியும்" என்றான்.

பாஞ்சாலியின் கை தானாக இறங்கியது. நேரே போய் ஜன்னலில் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் கீறிக் கிழித்தாள். அது பட்டை பட்டையாக உரிந்து வந்தது. வெயில் உள்ளே விழுந்ததும், கண்ணுக்குத் தெரியாமல் இருந்த புகை கூரைவரை நிற்பது தெரிந்தது.

வெளியே பக்கத்து வீட்டுத் துரைக்கண்ணு குரல் கொடுத்தார். "கஜபதி, தோள் குடுக்கணும். வாப்பா."

"அவன் வேணாம்ண்ணா" என்றாள்.

"பாவாவ நான் தூக்காம யாருக்கா தூக்குவாங்க?" என்று கஜபதி வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு நடந்தான்.

பாடை வாசலைத் தாண்டியது. முன்பக்கம் இடது கம்பு கஜபதியின் தோளில். சுற்றிலும் பெண்கள் மாரடித்து அழ, பாஞ்சாலி அந்தத் தோளையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெருமுனை வருவதற்குள் அந்தப் பக்கம் பாடை தாழ்ந்தது. பின்னால் போன துரைக்கண்ணு, கம்பைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார்.